கிறிஸ்தவ தேசபக்தர் உச்சிமுரா கான்ஸோ

நாட்டுப்பற்றும் கடவுட்பற்றும் ஓர் உள்ளத்தில் ஒருங்கே வாழ்தல் இயலுமோ என்னும் வினா நம்மனோர்க்குப் புதியதன்று. பிற நாட்டார் வாயிலாகக் கேட்டறிந்த சமயத்தைத் தழுவியவன் தன் தாய்நாட்டை ஒருவாறு துறந்தவனே என்று கருதுவார் சிலர். விண்ணக வாழ்வை நாடுவோனுக்கு இம்மண்ணுலகில் ஒரு நாட்டைப் பற்றிய கவலை எதற்கு என்பார் வேறு சிலர். முன்னவர் நம் அண்டை வீட்டார். பின்னவர் பெரும்பாலும் நம் வீட்டாரே. கல்லூரி விடுதியில் இரவு விளக்கின் கீழ் இவ்விருவகைக் கருத்துக்களையும் நாம் கேட்டதுண்டு. சிற்சில வேளைகளில் இரண்டையும் நாமே மாறி மாறிப் பேசியதும் உண்டு.

இத்தகைய வினாவிற்கு வாதத்தினால் விடை காண்பதினும் ஒருவரது வாழ்க்கையினால் விடை காண்பதே சாலச் சிறந்தது. அங்ஙனம் விடையாக நின்று விளங்கிய பெருமகனார் ஒருவர் ஜப்பான் நாட்டிலே தோன்றினார். அவர்தாம் உச்சிமுரா கான்ஸோ. தம் நாட்டாரால் துரோகி என இகழப்பட்டு, தம் சமயத்தாராலும் ஐயுறப்பட்டு, ஈற்றில் இரு சாராராலும் மதிக்கப்பெற்ற அவரது வரலாற்றைச் சிறு மாணவராகிய நாம் அறிந்த அளவிற்கு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இளமை

உச்சிமுரா 1861ஆம் ஆண்டு, இக்காலத்தில் டோக்கியோ எனப்படும் எடோ நகரில் பிறந்தார். அவர் குடும்பம் ஸாமுராய் மரபைச் சார்ந்தது. ஸாமுராய் என்போர் வாளேந்தித் தம் தலைவனுக்கு உயிர் கொடுக்கும் மறக்குடியினர். புறப்பாடல்களைப் பயிலும் நமக்கு அவர்தம் வாழ்க்கைமுறை வியப்பளிப்பதன்று. உண்ட சோற்றுக்கு நன்றி, சொன்ன சொல் தவறாமை, மானம் போயின் உயிர் வாழாமை ஆகியவையே அவர்கள் தம் மக்களுக்கு அளித்த முதற் பாடங்கள். தந்தையார் கன்பூஷியஸ் என்னும் சீனப் பேரறிஞரின் நூல்களில் வல்லவர். தலைவனிடத்தும் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் காட்டவேண்டிய கடப்பாட்டை மகனுக்கு ஊட்டி வளர்த்தார்.

1868ஆம் ஆண்டு ஜப்பானில் பெரியதோர் ஆட்சி மாற்றம் நிகழ்ந்தது. பழைய படைத்தலைவர் ஆட்சி வீழ்ந்து, மெய்ஜி பேரரசர் ஆட்சி நிலைபெற்றது. ஸாமுராய்க் குடிகள் தம் வருவாயையும் உரிமைகளையும் சிறிது சிறிதாக இழந்தன. வாளால் வாழ்ந்தோர் இனிக் கல்வியால் வாழவேண்டிய காலம் வந்தது. சிறுவர் உச்சிமுராவும் ஆங்கிலம் பயில அனுப்பப்பட்டார்.

அச்சிறுவர்க்கு இயல்பாகவே தெய்வபக்தி மிகுதி. வழியிற் காணும் கோயில்தோறும் நின்று தொழுவார். ஒவ்வொரு தெய்வத்திற்கும் ஒவ்வொரு நோன்பு, ஒவ்வொரு விலக்கு. ஒரு தெய்வத்தை மகிழ்விக்க முயன்றால் மற்றொன்று சினக்குமோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. கோயில்கள் பெருகப் பெருகத் தொழுகைகளும் பெருகின, அச்சமும் பெருகிற்று.

பனிநாட்டுக் கல்லூரி

ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோ என்னும் பெருந்தீவு உளது. ஆண்டில் நெடுங்காலம் பனி மூடிக் கிடக்கும் அத்தீவைப் பண்படுத்தும் பொருட்டு, அரசாங்கத்தார் 1876ஆம் ஆண்டு ஸப்போரோ நகரில் ஒரு விவசாயக் கல்லூரியை நிறுவினர். அதனை நடத்த அமெரிக்காவிலிருந்து வில்லியம் கிளார்க் என்பாரை வரவழைத்தனர். அவர் அங்குத் தங்கியது ஏறக்குறைய எட்டுத் திங்களே. ஆயினும் நல்லொழுக்கப் பாடத்திற்கு வேதாகமத்தையே நூலாகக் கொண்டு கற்பித்து, தம் மாணவர் கிறிஸ்துவின் அடியாராக வாழ உறுதி கூறும் உடன்படிக்கை ஒன்றையும் எழுதி, அவர்தம் கையொப்பத்தைப் பெற்றுச் சென்றார்.

உச்சிமுரா 1877ஆம் ஆண்டு அக்கல்லூரியிற் சேர்ந்தபோது கிளார்க் ஊர் திரும்பிவிட்டார். ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. முதல் வகுப்பு மாணவர் புதிதாக வந்தவர்களையும் அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிடுமாறு நெருக்கினர். தோழர் ஒருவர் பின் ஒருவராக இசைந்தனர். பதினாறு வயதினராகிய உச்சிமுரா மட்டும் நெடுநாள் எதிர்த்து நின்றார். அவர் எதிர்த்ததற்குக் காரணம் நாட்டுப்பற்றே. அயல்நாட்டுத் தெய்வத்தை வணங்குதல் தாய்நாட்டிற்கு இழைக்கும் இரண்டகம் என்று அவர் உறுதியாக எண்ணினார். ஒருநாள் ஊர்ப்புறத்துக் கோயில் ஒன்றிற் சென்று வீழ்ந்து வணங்கி, இப்புதிய சமயத்தைக் கல்லூரியிலிருந்து விரைவில் ஒழித்தருளுமாறு நாட்டுக் காவல் தெய்வத்தை வேண்டினார்!

எனினும் தனித்து நிற்றல் எளிதன்று. அவ்வாண்டின் இறுதியில் அவரும் கையொப்பமிட்டார். தாம் மனமார இசையவில்லை என்றும் நெருக்கத்திற்கு உடன்பட்டதே உண்மை என்றும் பிற்காலத்தில் அவரே ஒளியாது எழுதியுள்ளார். ஆயினும் கையொப்பமிட்ட பின்னர் எதிர்பாராத இன்பம் ஒன்று அவருக்குக் கிட்டியது. கடவுள் ஒருவரே என்று கண்டவுடன், எண்ணிறந்த தெய்வங்களுக்கு அஞ்சி நடுங்கிய உள்ளம் கட்டவிழ்ந்தது. உடலிலும் புதிய வலிவு பிறந்ததாக அவர் உணர்ந்தார்.

1878ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் அவரும் வகுப்புத் தோழர் அறுவரும் ஹாரிஸ் என்னும் மிஷனெரியிடம் ஞானஸ்நானம் பெற்றனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நிட்டோபே இனாஸோவும், செடிநூல் வல்லுநராய் விளங்கிய மியாபே கிங்கோவும் அவ்வெழுவருள் அடங்குவர். மாணவர் எழுவரும் ஞாயிறுதோறும் ஓர் அறையிற் கூடுவர். முறைவைத்து ஒருவர் குருவாக அமர்வர். மாவு வைக்கும் மரப்பீப்பாய் ஒன்றின்மேல் கம்பளத்தை விரித்தால் அதுவே பிரசங்க பீடம்! அதுவே அவர்கள் திருச்சபை.

1881ஆம் ஆண்டு உச்சிமுரா வகுப்பில் முதல்வராகத் தேறி, மீன்வளத் துறையில் அரசாங்க அலுவல் ஏற்றார். அந்நாளில் நண்பர்கள் தமக்கென ஒரு வழிபாட்டு இல்லம் வாங்கினர். அதற்கு மெதடிஸ்டு சங்கத்தாரின் பொருள் உதவிற்று. ஆனால் எந்த அயல்நாட்டுச் சபைக்கும் கிளையாகாமல் ஜப்பானியரே நடத்தும் தனிச் சபையாக வாழ விரும்பிய அவ்விளைஞர், அப்பொருளை முற்றிலும் திருப்பித் தருவதென்று முடிவு செய்தனர். சிறு சம்பளத்தில் வாழ்ந்த அவர்கள் உண்டியையும் உடையையும் குறைத்து, 1882ஆம் ஆண்டிற்குள் கடன் முழுவதையும் தீர்த்தனர். மிஷன் கல்லூரியின் நிழலில் அமர்ந்து கற்கும் நாம், பிறர் கொடையை நன்றியோடு பெறுவது எவ்வாறு, அதிலிருந்து மானத்தோடு வளர்ந்து நிற்பது எவ்வாறு என்பதை இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

கடல் கடந்த தேட்டம்

இதுகாறும் கூறியவற்றால் உச்சிமுரா நல்ல கிறிஸ்தவராகவும் நல்ல தேசபக்தராகவும் ஆகிவிட்டார் என்று நாம் எண்ணலாம். அவர் அவ்வாறு எண்ணவில்லை. 1884ஆம் ஆண்டு அவர் செய்துகொண்ட திருமணம் சில திங்களிலேயே முறிந்தது. அலுவலிலும் மனம் செல்லவில்லை. வெளியே பக்தராகத் தோன்றும் தம் உள்ளே பெரியதொரு வெறுமை இருப்பதை அவர் கண்டார். அவ்வெறுமையை நிரப்புவது கிறிஸ்தவ நாடாகிய அமெரிக்காவிற் கிடைக்கும் என நம்பி, அவ்வாண்டு நவம்பர்த் திங்களிற் கப்பலேறினார்.

அந்நாட்டைத் திருநாடாகவே அவர் கற்பனை செய்திருந்தார். கரையிறங்கிய சின்னாட்களில் அக்கற்பனை சிதைந்தது. உடன் வந்த நண்பரின் பணப்பை திருடப்பட்டது. கடவுளின் திருநாமம் வசைமொழியாகத் தெருவில் வழங்கக் கேட்டார். நிறத்தாலும் இனத்தாலும் மனிதரைத் தாழ்த்தும் கொடுமையைக் கண்டார். இதற்காகவோ தாய்நாட்டின் பழைய வழியை விட்டோம் என்று அவர் நெஞ்சம் நொந்தது.

பென்ஸில்வேனியா மாகாணத்து எல்வின் என்னும் ஊரில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. அதில் ஏவலராகச் சேர்ந்து ஏறக்குறைய எட்டுத் திங்கள் பணிபுரிந்தார். ஸாமுராய்க் குலத்தில் தோன்றிய இளைஞர் அயல்நாட்டுக் குழந்தைகளுக்குப் பணிவிடை செய்தது வறுமையினால் மட்டும் அன்று; தொண்டு செய்தால் உள்ளம் தூயதாகும் என்னும் நம்பிக்கையினாலும் ஆம். லூத்தர் மடம் புகுந்த நோக்கத்தோடே தாம் அங்குப் புகுந்ததாக அவர் கூறியுள்ளார். ஆனால் தொண்டிற்குள்ளும் தன்னலம் ஒளிந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டார். நல்லவனாக வேண்டும் என்று முயல முயல, தாம் நல்லவரல்லர் என்பதே தெளிவாயிற்று. அந்நாட்களில் எரேமியாவின் ஆகமத்தைப் படித்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று. தன் நாட்டின் குற்றத்தைக் கூறிக்கொண்டே தன் நாட்டிற்காக அழுத அத்தீர்க்கதரிசியிடம் தம் உள்ளத்திற்கு உகந்த தேசபக்தர் ஒருவரை அவர் கண்டார்.

1885ஆம் ஆண்டு ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். அதன் தலைவர் ஜூலியஸ் ஸீலி அன்பே உருவானவர். ஓயாது தம் உள்ளத்தையே ஆராய்ந்து வருந்தும் இவ்விளைஞரை அவர் ஒருநாள் அழைத்து ஓர் உவமை கூறினார். தொட்டியில் செடி நட்ட சிறுவன் அது வளர்கிறதா என்று காண நாள்தோறும் வேரைப் பிடுங்கிப் பார்த்தால், செடி எங்ஙனம் வளரும்? உன்னையே நோக்குவதை விடுத்துச் சிலுவையிற் பாவம் தீர்த்தவரை நோக்குக என்பதே அவ்வறிவுரையின் பொருள். இவ்வெளிய சொல் உச்சிமுராவின் உள்ளத்தைத் திறந்தது. 1886ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாளைத் தம் வாழ்வின் பெருநாளாக அவர் குறித்து வைத்தார். பாவமன்னிப்பு என்பது தாம் முயன்று ஈட்டும் கூலியன்று, இலவசமாய்ப் பெறும் அருளே என்று அன்று அவர் உணர்ந்தார். கையொப்பமிட்டது பதினாறாம் வயதில். கிறிஸ்தவரானது இருபத்தைந்தாம் வயதிலே எனலாம்.

இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. புத்துயிர் பெற்ற உச்சிமுரா ஜப்பானை மறந்தாரல்லர். மாறாக, முன்னினும் மிகுதியாக நேசித்தார். தம்மையே நிலைநாட்டிக்கொள்ள வேண்டும் என்னும் கவலை நீங்கிய பின்னரே பிறர்க்கெனத் தம்மைக் கொடுக்கும் உரிமை அவருக்குக் கிட்டிற்று. தம் கல்லறையிற் பொறிக்கவேண்டிய வாசகத்தை இளைஞராயிருந்த அந்நாளிலேயே தம் வேதப்புத்தகத்தில் எழுதி வைத்தார். தம்மில் தொடங்கி, நாடு, உலகம், கிறிஸ்து, கடவுள் என்று படிப்படியாக ஏறிச் செல்வது அவ்வாசகம். நாடு அதில் ஒரு படி, இன்றியமையாத படி, ஆயின் இறுதிப் படியன்று. அவர் வாழ்க்கை முழுவதும் இவ்வொரு வாசகத்தின் விரிவுரையே.

தாழாத தலை

ஆம்ஹர்ஸ்டில் 1887ஆம் ஆண்டு பட்டம் பெற்று, ஹார்ட்போர்டு இறையியற் கல்லூரியிற் சில திங்கள் பயின்று, உடல்நலம் குன்றியமையால் 1888ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். நீகாத்தா நகரில் ஒரு பள்ளியின் தலைமையை ஏற்றார். அங்கிருந்த மிஷனெரிமாரோடு கருத்து வேறுபட்டு விரைவில் விலகினார். 1890ஆம் ஆண்டு டோக்கியோவில் முதலாம் உயர்நிலைக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். நாட்டின் வருங்காலத் தலைவர்கள் பயிலும் இடம் அது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிற் பேரரசரின் கல்விக் கட்டளை வெளியாயிற்று. பெற்றோரைப் பேணுக, சட்டத்தை மதிக்க, இடர் வரின் அரசுக்கு உயிர் ஈக என்பன போன்ற நெறிகளைக் கூறும் அக்கட்டளை, பேரரசரின் கையொப்பத்தோடு உயர் கல்லூரிகளுக்கு வழங்கப்பட்டது. 1891ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் உச்சிமுராவின் கல்லூரியில் அதனை ஏற்கும் விழா நடந்தது. ஆசிரியர் அறுபதின்மரும் மாணவர் ஆயிரவர்க்கு மேற்பட்டோரும் குழுமியிருந்தனர். ஒவ்வொருவராக மேடையேறி, கையொப்பமிட்ட அவ்வேட்டின் முன் தாழ்ந்து வணங்கவேண்டும் என ஆணை பிறந்தது. கிறிஸ்தவ ஆசிரியர் மற்றிருவர் அன்று வரவில்லை. உச்சிமுராவின் முறை மூன்றாவது. எண்ணிப்பார்க்க நேரமில்லை. பேரரசரிடம் அவருக்கு மதிப்பு உண்டு. ஆயின் முன்னோர் கோயில்களில் தொழுவது போல ஓர் ஏட்டைத் தொழுதல் தகுமோ என்னும் ஐயம் அவரைத் தடுத்தது. மேடையேறினார், பிறரைப்போல் தாழ்ந்து வணங்காமல் இறங்கினார்.

இஃது ஒரு பெருவீரச் செயல் எனப் பின்வந்தோர் பாராட்டுவர். உண்மையில் அது தயங்கிய ஒரு மனச்சான்றின் செயலே. இவ்வணக்கம் வழிபாடன்று, மரியாதையே என்று கல்லூரித் தலைவர் விளக்கியபோது, அவ்வாறாயின் வணங்குவேன் என்று அவர் இசைந்தார். அதற்குள் கடும் நோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. நண்பர் ஒருவர் அவர் சார்பில் வணங்கினார். ஆயினும் புயல் ஓயவில்லை. நாளிதழ்கள் துரோகி என்று தூற்றின. பதவி போயிற்று. நோயுற்ற கணவரைக் கண்ணினும் இனிது காத்த மனைவியார் கஸுகோ தாமும் நோயுற்று, அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் உயிர் நீத்தார். 1893ஆம் ஆண்டு இனோவே டெட்ஸுஜிரோ என்னும் பேராசிரியர், கிறிஸ்தவமும் ஜப்பானியக் கல்வியும் ஒன்றற்கொன்று பகை என்று நூல் எழுதினார். அதற்கு விடையிறுத்த உச்சிமுரா, கட்டளை தலைவணங்குவதற்காக அன்று, வாழ்ந்து காட்டுவதற்காகவே அளிக்கப்பட்டது என்னும் கருத்தை எடுத்துரைத்தார்.

வேலையும் இல்லை, மனைவியும் இல்லை, நாடும் கைவிட்டது. இறந்த அன்பு மனைவிக்காகத் தாம் செய்த வேண்டுதல் கேட்கப்படாமையால், சில திங்கள் செபிப்பதையே விட்டிருந்ததாக அவர் எழுதியுள்ளார். இவ்வாறு எழுதும் துணிவு எத்துணைப் பேர்க்கு உண்டு? அவ்விருளினின்று மெல்ல வெளிப்போந்து, 1893ஆம் ஆண்டு கிறிஸ்தவன் ஒருவனது ஆறுதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அன்பரை இழந்தபோது, நாட்டாரால் வெறுக்கப்பட்டபோது, சபையால் தள்ளப்பட்டபோது, தொழிலில் தோற்றபோது, வறுமையுற்றபோது, நோயுற்றபோது என்று அதன் இயல்கள் அமைந்துள்ளன. நூலறிவால் எழுதியதன்று அது, பட்டறிவால் எழுதியது.

தவறும் திருந்துதலும்

பெரியோர் வரலாறு எழுதுவோர் அவர்தம் தவறுகளை மறைத்தல் வழக்கம். உச்சிமுராவின் தவற்றை மறைத்தால் அவர் பெருமையின் பாதியையும் மறைத்தவராவோம். 1894ஆம் ஆண்டு கொரியாவைக் குறித்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போர் மூண்டது. நாடே கிளர்ந்தெழுந்தது. மூன்றாண்டுகட்கு முன் நாட்டு வெறியின் கொடுமையைத் தம் உடம்பிற் பட்டறிந்த உச்சிமுராவும் அவ்வெள்ளத்தில் இழுபட்டார். கொரியாவின் விடுதலைக்காக நடைபெறும் நீதியான போர் இது என்று உலகோர் அறிய ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார்.

அடுத்த ஆண்டு உடன்படிக்கை ஆயிற்று. தைவான் தீவும் பெரும்பொருளும் ஜப்பானுக்குக் கிடைத்தன. கொரியாவின் நலம் எவர் நினைவிலும் இல்லை. நீதிப்போர் என்று தாம் முழங்கியது கொள்ளைப்போராக முடிந்ததைக் கண்டு உச்சிமுரா வெட்கினார். அமெரிக்க நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில் அவ்வெட்கத்தை வெளியிட்டார். அதனோடு நின்றாரல்லர். தாம் போரை வெறுக்கலான வரலாற்றை 1904ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டபோது, முன்னர்த் தாம் போரை ஆதரித்ததை யாவரும் அறிய ஒப்புக்கொண்டார். மறைநூலை ஆழ்ந்து படித்தமையும், தம் சொந்த வாழ்வின் பட்டறிவும், அப்பத்தாண்டு வரலாறும் தம்மை மாற்றின என்றார்.

ஆம்ஹர்ஸ்டில் பெற்ற புத்துயிரின் பயன் இங்கேதான் தெளிவாகப் புலனாகின்றது என்பது நம் கருத்து. நான் தவறினேன் என்று கடவுள் முன் சொல்லப் பழகியவனே, நான் தவறினேன் என்று நாட்டார் முன் சொல்ல வல்லவன். அங்ஙனம் சொல்ல வல்லவனே, நாமெல்லாரும் தவறுகின்றோம் என்று நாட்டிற்குச் சொல்லத் தகுதியுடையவன். இடித்துரைக்கும் பெரியோரின்றேல் அரசு தானே கெடும் என்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ? தன் குற்றம் காணாதவன் இடித்துரைப்பின் அது வெறும் வசை. கண்டவன் உரைப்பின் அது மருந்து.

1897ஆம் ஆண்டு முதல் யோரோட்ஸு சோஹோ என்னும் பெரிய நாளிதழில் அவர் எழுதலானார். ஆஷியோ செப்புச் சுரங்கத்தின் நச்சுக் கழிவு வாடராஸே ஆற்றில் கலந்து மீனையும் வயலையும் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. 1901ஆம் ஆண்டு அவர் அங்கு நேரிற் சென்று, பாழ்பட்ட ஊர்களையும் வாடிய உழவரையும் கண்டு, அக்கொடுமையை எழுத்தால் உலகறியச் செய்தார். செல்வரின் ஆக்கத்தையே நாட்டின் ஆக்கம் எனக் கொண்டோர்க்கு உழவனின் கண்ணீரைக் காட்டுதல் அவர் கண்ட தேசபக்தி.

1903ஆம் ஆண்டு ரஷ்யாவோடு போர் வேண்டும் என்னும் கூக்குரல் நாடெங்கும் எழுந்தது. எல்லாப் போரும் ஒழிய வேண்டும் என்று உச்சிமுரா துணிந்து எழுதினார். நாளிதழின் உரிமையாளர் போரை ஆதரிக்கத் தொடங்கவே, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிற் பதவியைத் துறந்தார். பொதுவுடைமைக் கொள்கையினராகிய கோட்டோகு ஷூஸுயியும் ஸகாய் டோஷிஹிகோவும் அவரோடே விலகினர். கொள்கையால் வேறுபட்டோர் மனச்சான்றால் ஒன்றுபட்டனர். எனினும் கட்டாயப் படைச்சேவையை மறுக்க எண்ணிய இளைஞர் ஒருவரை நேரிற் சென்று கண்டு, அவ்வாறு மறுக்கவேண்டா என்றும் அவரே அறிவுரை கூறினார். இது பொருந்துமோ என்று இன்றும் அறிஞர் வினவுவர்; நாமும் வினவுகின்றோம். தேசபக்தியும் மனச்சான்றும் மோதும் இடத்தில் எளிய விடை இல்லை என்பதை அவரது வாழ்க்கை மறைக்கவில்லை.

மறை விளக்கும் பணி

அரசியல் மேடையினும் எழுத்து மேசையே தமக்குரிய இடம் என்பதை உச்சிமுரா கண்டுகொண்டார். 1900ஆம் ஆண்டு வேதாகம ஆராய்ச்சி எனப் பொருள்படும் ஸெய்ஷோ நோ கென்க்யூ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். முப்பதாண்டுக் காலம், அவர் மறையும் வரை, அது 357 இதழ்கள் வெளிவந்தது. ஜப்பானுக்கு வேண்டுவது படையன்று, பணமன்று, மனந்திரும்பிய மக்களே என்பது அவர் துணிபு. ஆதலின் தாய்மொழியில் தாய்நாட்டார்க்கு மறைநூலை விளக்குவதையே தலையாய தேசத்தொண்டாகக் கொண்டார்.

அயல்நாட்டுப் பொருளையும் அதிகாரத்தையும் சாராது, குருமாரும் சடங்குகளும் இன்றி, வேதத்தைப் பயிலும் சிறு குழுக்களாக அவருடைய மாணாக்கர் வளர்ந்தனர். இவ்வியக்கம் முக்யோகாய் எனப்படும்; சபையில்லாமை என்பது பொருள். திருச்சபையின் மடியில் வளர்ந்து, அதன் திருவிருந்தில் பங்குபெறும் நாம் இக்கொள்கையை முற்றிலும் ஏற்க வல்லோம் அல்லோம். அவர் சினம் விரைவானது. மிஷனெரிமாரைப் பற்றி அவர் கூறியவற்றுள் கடுமை மிக்கனவும் உண்டு. ஆயினும் சபைக் கட்டடத்திற் சென்று அமர்வதே பக்தி என்று எண்ணுவார்க்கு அவர் விடுத்த எச்சரிக்கை நமக்கும் உரியதே.

1912ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பருவமங்கையாகிய அருமை மகள் ரூத் நோயால் இறந்தாள். அடக்கத்தின்போது, இஃது இறுதிச் சடங்கன்று, மகளின் திருமண நாளே என்று அவர் உரைத்தார். குழியில் ஒரு பிடி மண்ணை உயர்த்திப் பிடித்து, வெற்றி விழாக்களில் ஜப்பானியர் முழங்கும் வாழ்த்தொலியை மகள் பேரால் உரக்க முழங்கினார். அங்கு நின்ற இளைஞருள் ஒருவர் யனைஹரா டடாவோ. உயிர்த்தெழுதலை நம்புதல் என்பது என்ன என்று அன்றே தாம் கண்டதாக அவர் பின்னாளிற் கூறினார். இருபத்தோராண்டுகட்கு முன் மனைவியை இழந்து செபம் மறந்த அதே மனிதர்தாம் இவர்! புத்துயிர் என்பது ஒருநாளிற் பிறந்து முடிவதன்று; வாழ்நாள் முழுவதும் வளர்வது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முதுமையிலும் அவரது இரட்டைப் பற்று தளரவில்லை. இயேசு, ஜப்பான் என்னும் இரு பெயர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவன. இவ்விரண்டையும் தாம் நேசிப்பதாகவும், எதனை மிகுதியாக நேசிக்கின்றோம் என்று தமக்கே தெரியவில்லை என்றும், ஒன்றின் பொருட்டு நாட்டாரும் மற்றொன்றின் பொருட்டு மிஷனெரிமாரும் தம்மை வெறுத்தனர் என்றும் 1926ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் எழுதினார். 1930ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். இளமையில் தம் வேதப்புத்தகத்தில் எழுதிய வாசகம் டோக்கியோவை அடுத்த டமா கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லின்மேல் நிற்கின்றது.

விதையும் விளைவும்

அவர் மறைந்த அடுத்த ஆண்டே ஜப்பான் மஞ்சூரியாவிற் படை செலுத்திற்று. பின்னர் நேர்ந்த அழிவை உலகறியும். அவ்விருண்ட காலத்தில், நீதியின் முன் அரசும் தலைவணங்கவேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்த யனைஹரா, 1937ஆம் ஆண்டு டோக்கியோப் பல்கலைக்கழகப் பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. 1945ஆம் ஆண்டு நாடு தோற்று, நகரங்கள் சாம்பராய்க் கிடந்தபோது, அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம்பரா ஷிகேரு; அவரையடுத்து 1951ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றவர் யனைஹராவே. இருவரும் உச்சிமுராவின் மாணாக்கர்.

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பேரரசரின் கல்விக் கட்டளை இனிச் செல்லாது என்று ஜப்பானியப் பாராளுமன்றம் தீர்மானித்தது. ஐம்பத்தேழு ஆண்டுகட்கு முன் எந்த ஏட்டின் முன் தலை தாழ்த்தாமையால் ஒருவர் துரோகி எனப்பட்டாரோ, அந்த ஏட்டை அந்நாட்டாரே அகற்றினர். துரோகி யார், பக்தர் யார் என்று தீர்ப்பளிக்கும் உரிமை காலத்திற்கே உரியது போலும்!

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவன யாவை? தாய்நாட்டைத் தெய்வமாக்கியவன் அதனை நேசித்தவனாகான். ஏனெனில் தெய்வத்தின் குற்றத்தை எவரும் எடுத்துக் கூறார். தாய்நாட்டைத் துறந்து விண்ணகம் தேடியவனும் கடவுளை நேசித்தவனாகான். கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத கடவுளை எங்ஙனம் நேசிப்பான்? இவ்விரண்டு பள்ளங்களுக்கும் இடையே செல்வது ஒரு குறுகிய வழி. உச்சிமுரா அவ்வழியில் நேராக நடந்தார் என்று சொல்லமாட்டோம். தடுக்கி வீழ்ந்தார், எழுந்தார், மீண்டும் நடந்தார். வீழ்ந்தபோதெல்லாம் எழச்செய்தது அவர் குலப்பெருமையன்று, கல்வியன்று. தம் குற்றத்தை ஒப்புக்கொண்டவனை ஏற்றுக்கொள்ளும் அருளே.

தோழர்களே, நம் நாட்டில் நாம் கண்டு வாளாவிருக்கும் குற்றங்கள் சிலவோ? சாதியின் பேரால் ஒருவனை ஒருவன் தாழ்த்தும் கொடுமை நம் தெருவிலும் உண்டு. நாணத்தோடு கூறுகின்றோம், நம் ஆலயங்களிலும் உண்டு. அதனை இடித்துரைக்க எழுமுன் நம் நெஞ்சத்துள் அது குடிகொண்டிருப்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாட்டைத் திருத்தும் வேலை அங்கேதான் தொடங்குகின்றது. கொடி ஏற்றும் நாளில் முழங்குதலும் ஞாயிறன்று பாடுதலும் எளியன. நான் தவறினேன் என்று சொல்லுதலே அரியது. அவ்வரிய சொல்லைச் சொல்லும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.